இந்த வயசில் எதற்கு?

‘உயிர் பிழைச்சதே பெரிசு. இந்த வயசில் இது எதற்கு?’

மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு, சிகிச்சையெல்லாம் முடிந்து, ‘அந்த இடத்தை மறுபடி சீரமைத்துக்கொள்ளலாமா?’ என்று வாய் திறந்து கேட்ட எந்தப் பெண்ணும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியிருக்க மாட்டாள். கேட்கிறவர்கள் யாரும் விரோதிகள் அல்ல. நம்மீது பிரியம் வைத்தவர்கள்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நமக்காக ராத்திரி முழுக்க விழித்திருந்தவர்கள்தான். அதனாலேயே பதில் சொல்வது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. 2019-ல், என் 48-வது வயதில், இடது மார்பகத்தை எடுத்தார்கள். 2022-ல், 51-வது வயதில், என் வயிற்றுச் சதையைக் கொண்டே அதைத் திரும்ப அமைத்தார்கள். இதில் நான் பட்டதையும் தெரிந்துகொண்டதையும் இங்கே சொல்கிறேன். ‘நீங்களும் செய்துகொள்ளுங்கள்’ என்று சிபாரிசு செய்வதற்காக அல்ல, சகோதரிகளே. செய்துகொள்கிறவர்கள் என்னென்ன வரும் என்று தெரிந்து செய்துகொள்ளட்டும். வேண்டாம் என்கிறவர்களும் தெரிந்தே வேண்டாம் என்று சொல்லட்டும். அதற்காகத்தான்.

ரவிக்கைக்குள் ஒரு கவலை

ஆபரேஷனுக்குப் பிறகு கீமோதெரபி, அதன் பிறகு ரேடியேஷன். தலைமுடி போயிற்று, திரும்ப வந்தது. வாயில் புண், நாக்கில் கசப்பு, எதைப் பார்த்தாலும் குமட்டல். அந்த மாதங்களில் மார்பைப் பற்றி நினைக்க நேரமே இல்லை. உயிர் நிற்குமா என்பது ஒன்றுதான் கவலை. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. தொளதொள நைட்டியிலேயே நாட்கள் ஓடின. ஊர் திறந்து, கல்யாணம் காட்சி என்று புடவை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டி வந்தபோதுதான் விஷயம் உறைத்தது.

நாம் தலைப்பை வலது இடுப்பிலிருந்து எடுத்து இடது தோளில் போடுகிறோம். வலது பக்கம் நன்றாக மூடிவிடும். பக்கவாட்டில் திறந்து நிற்பது இடது பக்கம்தான். எனக்குப் போனதோ இடது!

முதலில் கைக்குட்டையை மடித்து வைத்தேன். கையைத் தூக்கினால் அது கழுத்துக்கு ஏறியது. பஞ்சு வைத்துப் பார்த்தேன். பஞ்சுக்குக் கனம் இல்லை. அதனால் ரவிக்கை அந்தப் பக்கம் மேலே இழுத்துக்கொண்டது. பிறகு பழைய மல் துணியில் ஒரு சிறு பை தைத்து, கொஞ்சம் கடுகும் மீதிக்குப் பஞ்சும் போட்டு மூட்டினேன். கனம் சரியாக வந்தது. ஆனால் ரேடியேஷன் பட்ட தோல் அல்லவா? வேர்வையில் நமநமவென்று அரிக்கும். கடைசியில் கடையில் விற்கிற சிலிக்கான் வடிவத்தை வாங்கினேன். நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தஞ்சாவூர்ச் சித்திரை வெயிலில், கரண்ட் போன அடுப்படியில், அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்று பார்த்தால்தான் தெரியும்.

இதையெல்லாம்விடப் பெரிய தொல்லை, நினைப்பு எந்நேரமும் அங்கேயே இருப்பது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது, பந்தியில் குனிந்து பரிமாறும்போது, பக்கத்து வீட்டுக் குழந்தை ஓடிவந்து கட்டிக்கொள்ளும்போது, ‘நகர்ந்திருக்குமோ? தெரிந்திருக்குமோ?’ என்று உள்ளே ஒரு திக். ஒரு நாளைக்கு நூறு தடவை கை தானாகத் தலைப்பைச் சரிசெய்யும். வலது பக்கத்தை நான் என்றைக்காவது நினைத்துப் பார்த்தேனா? இடதையும் அப்படி நினைக்காமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த மறதிதான்.

டாக்டர் போட்ட படம்

2021 கடைசியில் சென்னையில் என் கான்ஸர் டாக்டரிடம் பரிசோதனைக்குப் போனபோது கேட்டுவிட்டேன். “டாக்டர், இதைச் செஞ்சா நோய் திரும்ப வந்துடுமா? வந்தா உள்ளே மறைஞ்சு தெரியாம போயிடுமா?”

“ரெண்டும் இல்லைம்மா” என்றார் அவர். “சீரமைக்கிறதால நோய் திரும்புற வாய்ப்பு கூடுறதில்லை. வந்தாலும் கண்டுபிடிக்கத் தடையா இருக்காது. இத்தனை வருஷமா உலகம் முழுக்கப் பார்த்தாச்சு.”

என் பயம் புதிதல்ல என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன், மார்பகத்தோடு அதன் அடியில் உள்ள தசைகளையும் சேர்த்து எடுக்கும் பெரிய ஆபரேஷனை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். வெட்டிய இடத்தை மூடி அழகுபடுத்தினால் நோய் திரும்புவது தெரியாமல் போய்விடும் என்ற எண்ணம் அந்தக் காலத்து டாக்டர்களிடம் வேரூன்றியிருந்தது. 1906-லேயே இத்தாலியில் டான்ஸீனி என்ற சர்ஜன் முதுகுத் தசையையும் தோலையும் நெஞ்சுக்குத் திருப்பிக் கொண்டுவந்து பொருத்தினார். ஆனால் அந்த முறை பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் முதல் சிலிக்கான் உறை ஒரு பெண்ணின் மார்பில் வைக்கப்பட்டது. 1982-ல் ஹார்ட்ராம்ப் என்ற அமெரிக்க டாக்டர், அடிவயிற்றுச் சதையை நெஞ்சுக்குக் கொண்டுவரும் முறையை வெளியிட்டார். அதில் வயிற்றுத் தசையும் கூடவே போய்விடும். 1990-களில் தசையை விட்டுவிட்டு, தோலையும் கொழுப்பையும் மட்டும் ரத்தக்குழாயோடு எடுக்கும் முறை வந்தது. ‘டீப் ஃப்ளாப்’ என்கிறார்கள். எனக்குச் செய்தது அதுதான்.

நம் ஊரிலும் ஒன்றை நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அப்போது பெண்களை உயிரோடு வீட்டுக்கு அனுப்புவதே பெரும்பாடு. இன்று பிழைத்து வருகிறவர்கள் நம்மில் ஏராளம். அப்படிப் பிழைத்தவர்கள் மிச்ச வாழ்நாளை எப்படிக் கழிப்பது என்று கேட்டால் அது அதிகப்பிரசங்கம் ஆகிவிடுமா, சொல்லுங்கள்!

கான்ஸர் டாக்டர் என்னைப் பிளாஸ்டிக் சர்ஜனிடம் அனுப்பினார். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மூன்று படம் போட்டார்.

முதலாவது, சிலிக்கான் உறை. சில சமயம் முதலில் ஒரு பலூன் மாதிரி வைத்து, வாரா வாரம் உப்புநீர் ஏற்றித் தோலை விரிவாக்கி, பிறகு உறையை வைப்பார்கள். ஆபரேஷன் நேரம் குறைவு. ஆனால் ரேடியேஷன் கொடுத்த இடத்தில் உறையைச் சுற்றிலும் தழும்பு இறுகிக் கல் மாதிரி ஆகிவிடும் ஆபத்து அதிகம். ஆயுளுக்கும் ஒரே உறை என்றும் இருந்துவிட முடியாது. என்றாவது மாற்ற வேண்டி வரலாம். மேல்பாகம் சொரசொரப்பாக உள்ள ஒரு வகை உறை, அபூர்வமான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புடையது என்று தெரிந்து, 2019-ல் அதைச் செய்த கம்பெனியே உலகமெங்கும் திரும்பப் பெற்றுக்கொண்டதாம். ஆகவே எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவருவது. நம்பகமான பழைய முறை. முதுகில் ஒரு தழும்பு விழும். பெரிய மார்பகம் என்றால் அதோடு உறையும் தேவைப்படலாம்.

மூன்றாவது, வயிறு. “உங்களுக்கு இதுதான் பொருத்தம்” என்றார். “சிசேரியன் தழும்பு இருக்கே, டாக்டர்?” என்றேன். குறுக்கே போட்ட தழும்பு பெரும்பாலும் தடையாக இருக்காது என்று சொல்லி, ரத்தக்குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று பார்க்க ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “ஒண்ணு சொல்லிடறேன். பழைய மார்பகம் திரும்பி வராது. இது வேற. தொட்டா உணர்ச்சி அவ்வளவா இருக்காது. ஒரே ஆபரேஷன்லயும் முடியாது. நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு வெச்ச சதை ரத்த ஓட்டம் நின்னு போயிடும், திரும்ப எடுக்க வேண்டி வரும். இதெல்லாம் தெரிஞ்சும் வேணும்னா சொல்லுங்க” என்றார்.

பூசி மெழுகாமல் அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் ஒரு விசாரணை

வீட்டில் சொன்னதும் சபை கூடிவிட்டது. 78 வயது மாமியார், “கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவுல இனிமே யாரு பார்க்கப் போறாங்க? மறுபடியும் கத்தி வைக்கணுமா? நீ படுத்தா இந்த வீடு என்னாகும்?” என்று அழுதார். நாத்தனார், “அண்ணி, தொப்பையும் கரைஞ்சிடும்னு சொல்றாங்களே, லாபம்தான்!” என்று சிரித்தாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனாலும் சுருக்கென்றது.

என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பாரமாக இருந்தது. மார்பகத்தை எடுத்த நாளிலிருந்து நான் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டுதான் புடவை மாற்றுவேன். அவரும் நான் வரும் வரை பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் எங்களுக்குள் இப்படி ஒரு மரியாதை புதிதாக முளைத்திருந்தது! அன்று ராத்திரி நானே கேட்டேன். “என்னங்க, உங்களுக்கு இஷ்டமில்லையா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எனக்காகச் செய்யறதா இருந்தா வேணாம். எனக்கு நீ இருக்கறது போதும். உனக்காகன்னா, தேதி வாங்கு. லீவு போடறேன்” என்றார்.

“எனக்காகத்தான்” என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நிஜம் என்று எனக்கே தெரிந்தது.

ரேடியேஷன் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தோல் ஆறியிருந்தது. நான் சாப்பிட்டுவந்த ஹார்மோன் மாத்திரை ரத்தத்தை உறைய வைக்கும் தன்மை உள்ளது என்பதால், ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பிருந்து நிறுத்தச் சொன்னார்கள். பிறகு எப்போது தொடங்குவது என்பதையும் டாக்டரே சொன்னார். நாமாக நிறுத்தவோ தொடங்கவோ கூடாத மாத்திரை அது.

எட்டு மணி நேரம்

காலையில் உள்ளே போன என்னை வெளியே கொண்டுவர எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தொப்புளுக்குக் கீழே, இடுப்பின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஒரு படகு வடிவத்தில் தோலையும் கொழுப்பையும் எடுத்து, நெஞ்செலும்பின் ஓரமாக ஓடும் ரத்தக்குழாயோடு அதன் குழாயை இணைத்திருக்கிறார்கள். மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தையல்! அந்த இணைப்பு வழியாக ரத்தம் ஓடினால்தான் வைத்த சதை பிழைக்கும்.

அதனால் முதல் ராத்திரி தூக்கம் கிடையாது. மணிக்கு ஒரு தரம் நர்ஸ் வந்து நிறத்தைப் பார்ப்பாள், தொட்டுச் சூடு பார்ப்பாள், பேனா மாதிரி ஒரு கருவியை வைத்துக் காது கொடுப்பாள். அதிலிருந்து ‘உஷ்... உஷ்...’ என்று ரத்தம் ஓடும் சத்தம் வரும். விடியற்காலை மூன்று மணிக்கு அந்தப் பெண் கருவியை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். சத்தம் வரவில்லை. எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. ‘அவ்வளவுதான், போச்சு’ என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். “இருங்கம்மா... இதோ” என்றாள் அவள். ‘உஷ்... உஷ்...’ கிணற்றடியில் யாரோ துணி அலசுவது போல. என் வாழ்நாளில் எந்தக் கச்சேரியையும் அவ்வளவு கவனமாக நான் கேட்டதில்லை.

அறையைக் கதகதப்பாக வைத்திருந்தார்கள். குளிர்ந்தால் ரத்தக்குழாய் சுருங்குமாம். காப்பிக்கும் அதே காரணம் சொல்லித் தடை போட்டுவிட்டார் எங்கள் டாக்டர். கும்பகோணம் டிகிரி காப்பியில் வளர்ந்தவளுக்கு, வலியைவிட அது பெரிய தண்டனை!

கூனிக் கும்பிட்ட நாட்கள்

மூன்றாம் நாள் எழுந்து நிற்க வைத்தார்கள். நிற்பதா! வயிற்றுத் தோலை இழுத்துத் தைத்திருப்பதால் நிமிரவே முடியாது. இரண்டு வாரம் தரையைப் பார்த்துக் கூனிக்கொண்டுதான் நடந்தேன். என்னைப் பார்த்து மாமியாரே தன் கைத்தடியைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது உடம்பில் மூன்று குழாய்கள் தொங்கின. நெஞ்சில் ஒன்று, வயிற்றில் இரண்டு. காயத்தில் ஊறும் நீர் அதன் வழியாகச் சின்னப் பைகளில் இறங்கும். தினம் இரண்டு வேளை அளந்து ஊற்ற வேண்டும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்தால் அந்தக் குழாயை எடுப்பார்கள். பாங்க்கில் 30 வருஷம் பேரேடு எழுதிய என் கணவர், ஒரு நோட்டில் கட்டம் போட்டு, தேதி, நேரம், நிறம், மில்லி என்று எழுதி, கீழே கூட்டி, கோடு போட்டுவிடுவார். இதைச் செய்ய அவர் என்னைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்? முதல் நாள் இரண்டு பேருக்கும் கூச்சம். நாலாம் நாள், “இன்னிக்கு இடது வயிறு 10 மில்லி குறைஞ்சிருக்கு!” என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி அறிவித்தார். அதற்குப் பிறகு குளியலறைத் தாழ்ப்பாளைப் பற்றி நான் நினைக்கவில்லை.

அழுத மாமியார் என்ன செய்தார் தெரியுமா? மாமனாரின் பழைய வேட்டிகளைக் கிழித்து, முன்பக்கம் பட்டன் வைத்து, அடியில் குழாய்ப் பைகளைப் போட்டுக்கொள்ளப் பாக்கெட்டும் வைத்து, நாலு ரவிக்கை தைத்துவிட்டார். கையை மேலே தூக்காமல் போட்டுக்கொள்ள அதைவிட வசதியானது எந்தக் கடையிலும் கிடைக்காது.

இதைச் செய்துகொள்ளப் போகிறவர்கள் வீட்டில் சில ஏற்பாடுகளை முன்னாடியே செய்துகொள்ள வேண்டும். படுக்கைக்குப் பதில் சாய்வு நாற்காலி. முழங்காலுக்கு அடியில் தலையணை. நான் மூன்று வாரம் அதில்தான் தூங்கினேன். உட்கார வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டும். பருப்பு, புளி, தினசரிப் பாத்திரம் எல்லாம் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். எக்கவும் கூடாது, குனியவும் கூடாது. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், கிரைண்டர் கல் இதையெல்லாம் இரண்டு மாதத்துக்குத் தொடக் கூடாது. கோலம் போட எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. மலச்சிக்கல் வந்தால் முக்கும்போது தையல் இழுக்கும். பப்பாளியும் கீரையும் தண்ணீரும் வேளை தவறாமல் சாப்பிட்டேன். புண் ஆற முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் நிறையத் தேவை.

அப்படியிருந்தும் வயிற்றுத் தையலில் ஒரு ஓரம், சுமார் ஒரு அங்குலம், விட்டுக்கொண்டது. மூன்று வாரம் தினம் டிரெஸ்ஸிங். ‘இது சகஜம்தான், ஆறிவிடும்’ என்றார்கள். ஆறியது. ஆனால் அந்த மூன்று வாரமும் நான் யாரோடும் சிரித்துப் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுபடியும் ஒரு கட்டி

ஐந்தாவது மாதம். குளிக்கும்போது புது மார்பில், மேல் ஓரத்தில், கல் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. சோப்பு கையிலிருந்து நழுவியது. 2019-ல் அந்தப் பழைய கட்டியைத் தொட்டபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை. அப்போது அது இன்னதென்று தெரியாது. இப்போது தெரியுமே!

மறுநாளே சென்னைக்கு ஓடினோம். ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வர மூன்று நாள். மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொல்லவில்லை. ‘உயிர் பிழைச்சதே பெரிசு’ என்று எல்லாரும் சொன்னது அந்த மூன்று ராத்திரியும் காதில் கேட்டுக்கொண்டேயிருந்தது.

ரிசல்ட்டில் கான்ஸர் இல்லை. கொண்டுவந்து வைத்த கொழுப்பில் ஒரு சிறு பகுதிக்கு ரத்தம் போதாமல், அது இறுகிக் கட்டியாகிவிட்டதாம். இந்த ஆபரேஷனில் இப்படி வருவது புதிதல்ல. தானாகச் சுருங்கலாம், தொந்தரவு கொடுத்தால் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். எனக்குச் சுருங்கிவிட்டது. இதை ஏன் விவரமாகச் சொல்கிறேன் என்றால், இப்படி ஒன்று வரலாம் என்று முன்னாடியே தெரிந்திருந்தால் அந்த மூன்று நாள் கொஞ்சமாவது லேசாக இருந்திருக்கும். ஆனால் தெரிந்திருந்தாலும் ஒன்றை விட முடியாது: எந்தக் கட்டியானாலும் டாக்டரிடம் காட்டித்தான் ஆக வேண்டும். ‘கொழுப்பாகத்தான் இருக்கும்’ என்று நாமே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

இப்போது எப்படி?

ஒரு வருஷம் கழித்து, தொடையிலிருந்து கொஞ்சம் கொழுப்பை ஊசியில் எடுத்து, பள்ளமாயிருந்த இடத்தில் நிரப்பினார்கள். சிறிய ஆபரேஷன்தான். காம்பு அமைக்கவும், பச்சை குத்தி நிறம் கொடுக்கவும் வழி இருக்கிறது என்றார்கள். “எனக்கு இது போதும், டாக்டர்” என்று நிறுத்திக்கொண்டேன். மற்றப் பக்கத்தையும் இதற்குச் சமமாகத் தூக்கித் தரலாம் என்றார். அதையும் வேண்டாம் என்றேன். ஆக, கண்ணாடி முன் நின்றால் இரண்டும் ஒன்றுபோல் இல்லை. குறுக்கே ஒரு தழும்பு. வயிற்றில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு தழும்பு. ரவிக்கை போட்டால் வித்தியாசம் தெரியாது. எங்கள் டெயிலர் இப்போது இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் தைக்கிறார்.

உணர்ச்சி? டாக்டர் சொன்னபடியே, மிகக் குறைவு. அழுத்தினால் தெரிகிறது; சூடு, குளிர்ச்சி தெரிவதில்லை. இது விளையாட்டல்ல. வெந்நீர்ப் பையை வைத்துத் தெரியாமலே தோலைச் சுட்டுக்கொள்ள வாய்ப்புண்டு. கொதிக்கும் குழம்பு தெறித்தாலும் தெரியாது. என் மகள் எங்கள் வீட்டு வெந்நீர்ப் பையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள். வயிற்றிலும் தொப்புளுக்குக் கீழே மரத்துப்போன இடம் இருக்கிறது. இன்னொரு வேடிக்கை: அது வயிற்றுக் கொழுப்புதானே, உடம்பு பெருத்தால் அதுவும் பெருக்கும். ஒரு தீபாவளிக்கு மூன்று கிலோ ஏறினேன். அதிர்சத்தின் பங்கு அங்கேயும் போய்ச் சேர்ந்தது!

மறதி கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. ஒரேயடியாக அல்ல. ஒரு நாள் திருச்சி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்து, இறங்கி, வீட்டுக்கு நடந்த பிறகுதான் உணர்ந்தேன்: வழி முழுக்க நான் தலைப்பைச் சரிசெய்யவே இல்லை. பொன்னி அரிசி விலை பற்றி யோசித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஆனால் எல்லாருக்கும் இதுவேதான் வழி என்று நான் சொல்ல மாட்டேன். கீமோ வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியை, என்னைவிடச் சின்னவள். “எனக்கு இன்னொரு தடவை மயக்க மருந்து வேண்டாம், அக்கா. இந்த நெஞ்சு இப்படியே என் நெஞ்சுதான்” என்றாள். பள்ளிக்கூடம் போகும்போது பருத்தி நூலில் பின்னிய லேசான வடிவம் ஒன்றை ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்ததும் ஆணியில் மாட்டிவிடுவாள். அவள் நிம்மதிக்கு என் நிம்மதி எந்த விதத்திலும் உசத்தி இல்லை. அவளையும் ஊர் விடவில்லை தெரியுமா? ‘சின்ன வயசு, ஏன் செய்துகொள்ளவில்லை?’ என்று கேட்கிறார்கள். எனக்கு வயது அதிகம், அவளுக்கு வயது குறைவு! எந்த வயதுதான் சரியான வயது? நம் உடம்பைப் பற்றிய கேள்விக்கு நாம் டாக்டரோடு உட்கார்ந்து பதில் தேடலாம். ஊருக்குப் பதில் சொல்லக் கடமைப்படவில்லை.

முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

முதல் ஆபரேஷனுக்கு முன்பே இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

* மார்பகத்தை முழுவதும் எடுக்கத்தான் வேண்டுமா? கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தால் போதுமா? பலருக்கு அது போதும்.

* எடுக்கும்போதே சீரமைக்க முடியுமா, அல்லது பிறகுதானா? எனக்கு ரேடியேஷன் உண்டா? சீரமைப்பால் கான்ஸர் சிகிச்சை தள்ளிப்போகுமா?

* உறை, முதுகு, வயிறு: எனக்கு எது, ஏன்? மொத்தம் எத்தனை ஆபரேஷன்?

* ரத்தக்குழாய் இணைப்பு என்றால், இந்த ஆஸ்பத்திரியில் அதை வழக்கமாகச் செய்கிறார்களா? ராத்திரியில் ஏதாவது ஆனால் உடனே திறந்து பார்க்க ஆள் உண்டா?

* சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, முன்பு ரத்தம் உறைந்த அனுபவம், புகையிலைப் பழக்கம் எதையும் மறைக்காதீர்கள். புகையிலையும் கட்டுக்கு அடங்காத சர்க்கரையும் காயத்தை ஆறவிடாது.

* செலவு என்ன? இன்ஷூரன்ஸ் ஏற்குமா? பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவு உள்ள பெரிய அரசு ஆஸ்பத்திரிகளிலும் விசாரியுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் 2018-ல் மார்பகச் சீரமைப்புக்கென்றே இலவச கிளினிக் தொடங்கினார்கள். பணக்காரர் சமாசாரம் என்று கேட்காமலே இருந்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. சீரமைத்தாலும் சரி, விட்டாலும் சரி, மிச்சமிருக்கும் மார்பகத்துக்கு வருஷா வருஷம் மாமோகிராம் எடுத்துக்கொள்ள வேண்டும். என் முறை மாசி மாதம் வரும். பால் கணக்கு எழுதும் காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் ‘சென்னை, காலை ரயில்’ என்று என் கணவர் இப்போதே எழுதி வைத்துவிட்டார்.